பாடக் கோப்புகளைத் திருத்தித் தந்தவருக்கு நன்றி

பார்வையற்ற மாணவர்களுக்காக, ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டும் பழைய பாமினி எழுத்துருவில் இருந்த பாடங்களை, ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனிக் குறியீடு உள்ள யூனிகோடுக்கு மாற்றி அனுப்பியவருக்கு மனமார்ந்த நன்றி. பெயரைக்கூடச் சொல்லவில்லை நீங்கள்.

பாமினியில் 'தமிழ்' என்ற சொல் கணினிக்குள் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்றுதான் கிடக்கும். திரையில் உள்ளதை உரக்கப் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் மென்பொருளும் அதைத்தான் உளறும். எழுத்துரு மாற்றும் மென்பொருளில் போட்டெடுப்பது சில நொடி வேலை. அதற்குப் பிறகுதான் பாடு. இடையில் வரும் ஆங்கிலச் சொற்களும் சேர்ந்து தமிழ்க் குப்பையாகிவிடும். அவற்றை வரிவரியாகப் பார்த்து மீட்டிருக்கிறீர்கள்.

ஒ, ள என்று இரண்டெழுத்தாக அடித்திருந்த 'ஒளவையார்' ஒரே எழுத்தில் 'ஔவையார்' ஆகியிருந்ததைக் கண்டு நெகிழ்ந்துபோனோம். கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் இரண்டெழுத்தாக இருந்தால் காதில் 'ஒ-ள-வை' என்று விழும், பிரெய்லியிலும் ஒரு கட்டத்துக்கு இரண்டு கட்டம் அச்சாகும். தலைப்புகளை வெறும் தடித்த எழுத்தாக விடாமல் தலைப்புப் பாணி (ஹெடிங் ஸ்டைல்) கொடுத்திருப்பதால், பிள்ளைகள் திரைவாசிப்பானில் அடுத்த தலைப்புக்குப் போக உதவும் எச் விசையைத் தட்டியே பாடம் தாவலாம்.

படங்களுக்கான விளக்க வரிகள் மட்டும் பாக்கி. அவற்றை நாங்கள் எழுதிக்கொள்கிறோம்.