ஏழு நாளில் ஒன்பது ஊர்

கண்ணா,

நீ அனுப்பிய எக்செல் ஷீட்டை அப்பா பிரிண்ட் எடுத்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டார். பால் எடுக்கப் போகும்போதெல்லாம் அதுதான் கண்ணில் படுகிறது. ஏழு நாள், ஒன்பது ஊர், ஊருக்கு ஒரு நிறம். ஆஷ்வில், ஸ்மோக்கி மலை, சட்டனூகா, நாஷ்வில், மெம்ஃபிஸ் என்று போய் நியூ ஆர்லியன்ஸில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறாய். ராத்திரி உட்கார்ந்து செய்திருப்பாய் என்று தெரிகிறது. ஆனால் ஒவ்வொரு நாளும் மூன்று நாலு மணி நேரம் காரில். மலையைக் கார் கண்ணாடி வழியாகப் பார்த்து, பாட்டைக் கார் ஸ்பீக்கரில் கேட்டு, ராத்திரி ஒரு ஓட்டலில் பெட்டியைத் திறந்து காலையில் மூடுவதற்கு நாம் ஆறு பேரும் லீவு போட வேண்டுமா?

போனில் சொன்னால் "சரிம்மா, பார்க்கலாம்மா" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். முழுசாகப் படி.

நான் சொல்வது இதுதான். தங்குவது இரண்டே இடம். ஸ்மோக்கி மலையில் மூன்று ராத்திரி, நாஷ்வில்லில் மூன்று ராத்திரி. மலை முதலில், ஊர் அப்புறம். இந்த வரிசையை மட்டும் மாற்றாதே. ஏன் என்றால் அந்த ஊரில் கேட்கப்போகிற கன்ட்ரி சங்கீதத்தில் பாதி இந்த மலைப்பக்கத்திலிருந்து இறங்கிப் போனது. ஸ்காட்லாந்து, அயர்லாந்துப் பக்கத்திலிருந்து வந்து பள்ளத்தாக்குகளில் குடிசை போட்டவர்கள் ஃபிடிலோடு வந்தார்கள், அடிமைகளாகப் பிடித்துவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் கைவழியாக பாஞ்சோ என்கிற தந்தி வாத்தியம் வந்தது, இரண்டும் சேர்ந்த இடத்தில் பிறந்ததைத்தான் ரேடியோக்காரர்களும் ரெக்கார்டுக் கம்பெனிக்காரர்களும் பிற்பாடு நகரத்துக்கு எடுத்துப்போனார்கள். ஊரை முதலில் பார்த்துவிட்டால் மலை வெறும் போட்டோ பிடிக்கிற இடமாகிவிடும்.

உனக்கு நினைவிருக்கிறதா, உனக்குப் பதினாலு வயதில் நாம் அங்கே போனது? அக்டோபர். இலை நிறம் மாறுகிற சீசன் என்று யாரோ சொன்னதை நம்பிப் போனோம், அமெரிக்காவில் பாதிப் பேர் அதையே நம்பி வந்திருந்தார்கள். கேட்ஸ் கோவ் என்கிற அந்தப் பள்ளத்தாக்கைச் சுற்றி 11 மைல் ஒருவழிப் பாதை, எங்கோ முன்னால் ஒரு கரடி தெரிந்தது என்று ஒருத்தன் காரை நிறுத்த, பின்னால் எல்லோரும் நிறுத்த, நாலு மணி நேரம். அப்பா ஸ்டியரிங்கை அடித்துக்கொண்டிருந்தார். நீ பின் ஸீட்டில் இரண்டு காதிலும் இயர்ஃபோனைச் சொருகிக்கொண்டு எங்களை யாரென்றே தெரியாத மாதிரி உட்கார்ந்திருந்தாய். எனக்கு உங்கள் இரண்டு பேர் மேலும் கோபம்.

நடுவில் ஒரு மரப்பலகைத் தேவாலயத்தில் இறங்கினோம். 1887இல் கட்டியது, பிரிமிடிவ் பாப்டிஸ்ட் என்கிற பிரிவினருடையது. அவர்கள் வழிபாட்டில் வாத்தியம் வைத்துக்கொள்வதில்லை, வெறும் குரல்தான். உள்ளே யாரோ ஒரு குடும்பம், நாலைந்து பேர், சுற்றுலா வந்தவர்கள்தான், திடீரென்று பாட ஆரம்பித்தார்கள். திரைச்சீலை இல்லை, கம்பளம் இல்லை, பலகைதானே, குரல் அப்படியே சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. நீ வாசல்படியில் நின்றுகொண்டு ஒரு காதிலிருந்து மட்டும் இயர்ஃபோனை எடுத்தாய். அவர்கள் முடித்ததும் திரும்பச் சொருகிக்கொண்டாய். அவ்வளவுதான். நீ எடுத்ததை நான் பார்த்தது உனக்குத் தெரியாது. அந்தப் பயணத்தில் எனக்கு ஞாபகம் இருப்பது அந்த ஒரு காதுதான். கரடியை நான் பார்க்கவே இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

மாதம்: அக்டோபர் வேண்டவே வேண்டாம். குழந்தைகளுக்குப் பள்ளி விடுமுறை ஜூனில். ஜூன் ஆரம்பத்தில் நாஷ்வில்லில் சி.எம்.ஏ. ஃபெஸ்ட் என்று நாலு நாள் கன்ட்ரி சங்கீதத் திருவிழா, அப்போது ரூம் வாடகையைக் கேட்டாலே தலை சுற்றும், அதனால் அது முடிந்தபின் போவோம். இதில் ஒரு நஷ்டம் இருக்கிறது. ஸ்மோக்கியில் எல்க்மாண்ட் என்ற இடத்தில் ஒரே நேரத்தில் எரிந்து ஒரே நேரத்தில் அணைகிற மின்மினி இருக்கிறதே, அதன் உச்சம் பெரும்பாலும் மே கடைசி, ஜூன் முதல். அதற்குப் போக லாட்டரி, ஏப்ரல் கடைசியில் பதிவு, விழுந்தால்தான் உண்டு. சின்னவன் கேட்டிருக்கிறான் என்று சொன்னாய். அதை இன்னொரு வருஷத்துக்கு வைத்துக்கொள்ளலாம். சாதாரண மின்மினி கேபின் வாசலிலேயே வரும். ஆறு வயதுக்கு அது போதும்.

கிழமையும் பார்த்து வைத்திருக்கிறேன். செவ்வாய் மலைக்கு வந்துவிட வேண்டும். கோடையில் புதன்கிழமைகளில் கேட்ஸ் கோவ் பாதையில் காரை விடுவதில்லை, சைக்கிளும் நடையும்தான். இந்த ஏற்பாடு நாம் போன காலத்தில் இருந்திருந்தால் அப்பாவின் ரத்த அழுத்தம் இந்நேரம் வேறு மாதிரி இருந்திருக்கும். வாடகைக்குச் சைக்கிள் அங்கேயே கிடைக்கும். நீங்கள் நாலு பேரும் ஓட்டுங்கள், நாங்கள் முடிந்த வரைக்கும் நடக்கிறோம். தேவாலயம் பாதையின் ஆரம்பத்துப் பக்கம்தான், அதுவரைக்கும் நிச்சயம் நடப்போம்.

வியாழன் கூவோஹி. மேப்பில் கிளிங்மன்ஸ் டோம் என்று தேடியிருப்பாய், 2024 செப்டம்பரில் செரோக்கி என்கிற பூர்வகுடி மக்கள் வைத்த பழைய பெயரையே திரும்பக் கொடுத்துவிட்டார்கள். 6,643 அடி, ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவிலேயே உயரமான இடம். கடைசி அரை மைல் தார்ப்பாதைதான், ஆனால் நல்ல செங்குத்து, அப்பா வழியில் பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து வருவார், அவரை யாரும் அவசரப்படுத்தக் கூடாது. கீழே இருப்பதைவிட 10, 20 டிகிரி ஃபாரன்ஹீட் குறைவாக இருக்கும், ஜூன்தானே என்று ஸ்வெட்டர் இல்லாமல் வந்துவிடாதீர்கள். காலையிலேயே போக வேண்டும், மத்தியானம் இடி மழை வரும். மேலே போய்ப் பார்த்தால் மலைக்குப் பின்னால் மலை, ஒவ்வொன்றும் முன்னதைவிட வெளிறிய நீலம். அந்த நீலப் புகை மரங்களே விடுகிற ஆவிதானாம். செரோக்கி மொழியிலும் இந்த ஸ்மோக்கி மலைகளுக்கு நீலப் புகையின் இடம் என்றுதான் பெயர்.

பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை, ஆனால் 15 நிமிஷத்துக்கு மேல் வண்டி நிறுத்தினால் பார்க்கிங் டேக் வேண்டும், 2023 மார்ச்சிலிருந்து. ஒரு நாளுக்கு 5 டாலர், ஒரு வாரத்துக்கு 15. வாரத்துக்கே வாங்கிவிடு. உள்ளே பெட்ரோல் பங்க் கிடையாது, பல இடத்தில் சிக்னலும் கிடையாது, மேப்பை முன்னாடியே டவுன்லோட் செய்துகொள்.

கேபின் விஷயத்தில் மட்டும் நான் கறார். போன தடவை மாட்டியது போதும். போட்டோவில் பால்கனி, பள்ளத்தாக்கு எல்லாம் இருந்தது, அங்கே போகிற ரோடு மட்டும் போட்டோவில் இல்லை. ஜல்லிக் கல் மேல் சக்கரம் வழுக்கி, ராத்திரி பத்து மணிக்கு நானும் நீயும் இறங்கிப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஏறினோம். வாடகைக்கு விட்டவரிடம் கேட்டால் "நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி வேண்டும் என்று கடைசி பக்கத்தில் போட்டிருந்தோமே" என்றார். ஆகவே பணம் கட்டுவதற்கு முன் ரோடு தாரா ஜல்லியா என்று கேள். கரடிக்குக் கார் கதவு திறக்கத் தெரியும், பிஸ்கட் பாக்கெட்டைக்கூட வண்டியில் விடாதே என்று சின்னவனிடம் சொல். இதை அவன் ரொம்ப ரசிப்பான்.

வெள்ளி காலை கிளம்பினால் நாஷ்வில்லுக்கு நாலு மணி நேரம். வழியில் நேர மண்டலம் மாறும், ஒரு மணி நேரம் லாபம். சனிக்கிழமை ராத்திரி கிராண்ட் ஓல் ஆப்ரி. ஆப்ரா என்று நினைத்து அப்பா பயந்துவிட்டார். அது ரேடியோ நிகழ்ச்சி, மேடையில் நடக்க நடக்கவே ஒலிபரப்பாகும், விளம்பரத்தைக்கூட அங்கேயே வாசிப்பார்கள். ஒருவர் வந்து இரண்டு மூன்று பாட்டு, அடுத்தவர். பிடிக்காவிட்டால் பத்து நிமிஷத்தில் வேறு ஆள், குழந்தைகளுக்கு இதைவிட என்ன வேண்டும்? 1925 நவம்பர் 28ஆம் தேதி இதன் முதல் ஒலிபரப்பில் உட்கார்ந்து வாசித்தது 77 வயதுக் கிழவர், அங்கிள் ஜிம்மி தாம்ப்சன். ஒரு மணி நேரம், ஃபிடில்.

இந்த நிகழ்ச்சி 1943இலிருந்து 1974 வரை ரைமன் அரங்கத்தில் நடந்தது. 1892இல் பிரார்த்தனைக் கூடமாகத் திறந்தது, இன்றைக்கும் தேவாலய பெஞ்சுதான், முதுகுக்கு ஒரு சால்வை எடுத்துக்கொள்ள வேண்டும். புது இடத்துக்கு மாறியபோது பழைய மேடையிலிருந்து ஒரு வட்டத்தை மட்டும் அறுத்துக் கொண்டுபோய்ப் புது மேடையின் நடுவில் பதித்துவிட்டார்கள். 2010 வெள்ளத்தில் மேடையே முழுகியும் அந்த வட்டத்தைச் சரி செய்து திரும்பப் போட்டிருக்கிறார்கள். சுற்றிக்காட்டும் டூர் எடுத்தால் அதன் மேல் ஏறி நிற்கலாம். அந்த டூரையும் சேர்த்துப் பதிவு செய்.

பிராட்வே தெருவுக்கு மத்தியானமே போய்விடலாம். கதவு திறந்திருக்கும், உள்ளே பேண்ட் வாசிக்கும், டிக்கெட் கிடையாது, டிப்ஸ்தான், ஒரு டாலர் நோட்டாக மாற்றி வைத்துக்கொள். சாயங்காலத்துக்கு மேல் குழந்தைகளை விடமாட்டார்கள், விட்டாலும் நான் விடமாட்டேன். சின்னவனுக்குக் காதை மூடுகிற ஹெட்ஃபோன் அவசியம்.

மெம்ஃபிஸை அடித்துவிட்டேன், கோபப்படாதே. வேண்டாத ஊர் என்று இல்லை. சன் ஸ்டூடியோ, ஸ்டாக்ஸ் என்கிற பாட்டுப் பதிவு செய்த இடங்கள், மார்ட்டின் லூதர் கிங்கைச் சுட்ட லொரேன் மோட்டல், இதையெல்லாம் ஒரு மத்தியானத்தில் ஓடி ஓடிப் பார்ப்பது மரியாதை இல்லை. அது தனிப் பயணம்.

இப்போது நான் உண்மையில் கேட்க வந்தது. பெரியவள் வயலின் கிளாஸுக்குப் போகமாட்டேன் என்கிறாள் என்று மருமகள் சொன்னாள். நான் எதுவும் சொல்லவில்லை. பதினொரு வயது, நாலு வருஷமாக வர்ணத்துக்கு மேல் போகவில்லை என்று அவளுக்கே அலுப்பாக இருக்கும். நீங்கள் சிகாகோவிலிருந்து மலைக்குப் பக்கத்தில் இருக்கிற நாக்ஸ்வில்லுக்கு விமானத்தில் வாருங்கள். அவளை மட்டும் ஒரு வாரம் முன்னாடி எங்களிடம் அனுப்பு. நாங்கள் இங்கே வர்ஜீனியாவிலிருந்து 81ஆம் எண் நெடுஞ்சாலையில் இறங்கும்போது பிரிஸ்டல் குறுக்கே வரும். மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் வர்ஜீனியா, இந்தப் பக்கம் டென்னசி. 1927 ஜூலை கடைசியில் ரால்ஃப் பீர் என்பவர் அங்கே ஒரு தொப்பிக் கம்பெனிக் கட்டடத்தில் மெஷினை வைத்துக்கொண்டு, மலையிலிருந்து வந்து பாடுகிறவர்களையெல்லாம் பதிவு செய்தார், பன்னிரண்டு நாளில் 76 பாட்டு. கன்ட்ரி சங்கீதத்தில் பேர்போன கார்ட்டர் குடும்பம் அப்படித்தான் வந்தது. அந்தக் குடும்பத்து மேபெல்லுக்குப் பதினெட்டு வயது, மாசமாக இருந்தாள், அந்த நிலையில் மலை ரோட்டில் வந்து கிட்டார் வாசித்திருக்கிறாள். பாட்டின் மெட்டைக் கட்டைவிரலாலும் தாளத்தை மற்ற விரல்களாலும் வாசிக்கிற அவள் பாணியை இன்றுவரைக்கும் எல்லோரும் பழகுகிறார்கள். அங்கே ஒரு மியூசியம் இருக்கிறது, பெரியவளை அதற்குக் கூட்டிப்போகிறேன்.

என் தாத்தா வயலினைப் பிடில் என்றுதான் சொல்வார். கர்நாடக சங்கீதத்துக்குள் அதைக் கொண்டுவந்தவர் பாலுசாமி தீட்சிதர் என்பார்கள், சுமார் இருநூறு வருஷம் இருக்கும், அதற்குள் நம்முடையதே ஆகிவிட்டது. நம் பெரியவள் தரையில் சம்மணம் போட்டு அதன் தலையைக் கணுக்காலில் ஊன்றி வாசிக்கிறாள், அந்த மலைக்காரர்கள் நின்றுகொண்டு, சில பேர் தாடைக்குக்கூட வைக்காமல் மார்பில் சாய்த்து வாசிக்கிறார்கள். அதே நாலு கம்பி. அதை அவள் ஒரு தடவை கிட்டத்தில் பார்க்கட்டும். பார்த்துவிட்டு நிறுத்துகிறேன் என்றாலும் சரி, நிறுத்தட்டும், நான் உன்னிடம் வாதாட வரமாட்டேன்.

வயலினை அவளோடு அனுப்பு. விமானத்தில் கையிலேயே வைத்துக்கொள்ளச் சொல், பெட்டியோடு கீழே போடக் கொடுக்க வேண்டாம். வண்டியில் வெயிலில் விடாமல் நான் பார்த்துக்கொள்கிறேன். வில்லுக்கு ரோசின் தீர்ந்துவிட்டதென்றாள், இங்கே வாங்கி வைத்துவிட்டேன்.

டிக்கெட் பார்த்ததும் சொல். ஃப்ரிட்ஜிலிருந்து அந்தத் தாளை எடுத்துவிடட்டுமா?

அம்மா