ஐப்பசியில் பறவை எண்ண வரும் நண்பருக்கு

அன்புள்ள நண்பருக்கு,

உமது கடிதம் போன கிழமை கிடைத்தது. ஐப்பசி முழுக்க ஊரில் நிற்பீர் என்று எழுதியது பெரிய சந்தோசம். இங்கே யாழ்ப்பாணத்தில் சோளகக் காற்று அடங்கிவிட்டது. வல்லை வெளியின் மின்கம்பிகளில் தகைவிலான்கள் வரிசை கட்டத் தொடங்கிவிட்டன. இரண்டு நாளாகக் கருக்கலில் வளவுக்குள் ஆறுமணிக்குருவியின் சத்தமும் கேட்கிறது. ஊசிவால் தாராக்களை இன்னும் காணவில்லை. மழை விழுந்து நீரேரி நிரம்பிய பிறகுதான் அவை கூட்டமாக இறங்கும்.

தையில்தான் எல்லாரும் எண்ணுகிறார்களே, ஐப்பசியில் எதற்கு என்று கேட்டிருந்தீர். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் தை மாதத்தில் நடக்கிறது. அதில் இங்கே தங்கிவிட்ட பறவைகள் தெரியும். நாலு நாள் சேற்றில் மேய்ந்துவிட்டுத் தெற்கே போனவை தெரியாது. அவற்றைப் பிடிக்க வேண்டுமென்றால் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், கிழமைக்கு ஒருமுறை எண்ணவேணும். நாவற்குழிப் பக்கம் ஒரு துண்டும் சரசாலைக் கண்டல் ஓரம் ஒரு துண்டும் நமக்குப் போதும். பத்து இடத்துக்கு ஓடினால் ஒன்றையும் மற்றதோடு ஒப்பிட ஏலாது.

விடியப்பறம் ஐந்தரைக்கு வெளிக்கிட்டால் ஆறேகாலுக்கு எண்ணத் தொடங்கலாம். வெயில் முதுகில் விழ, மேற்குப் பார்த்து நிற்கவேணும். எதிர்வெயிலில், சேற்றில் மேய்கிற உள்ளான் பறவைகள் எல்லாம் கறுப்பாகத்தான் தெரியும். எட்டரைக்குப் பிறகு சேற்றின் மேல் கானல் எழும்பும். அப்போது தொலைநோக்கியை அறுபது மடங்குக்குத் திருப்பினால் கானலும் சேர்ந்து பெருக்கும், கால்கள் கரைந்துபோகும். இருபது, இருபத்தைந்தோடு நிறுத்திக்கொள்ளும்.

எண்ணும்போது முதலில் பத்துப் பறவையை ஒவ்வொன்றாக எண்ணி, அந்தப் பத்து பிடிக்கிற இடத்தைக் கண்ணில் பதித்துக்கொண்டு, அதே அளவைக் கூட்டத்தின் மேல் அடுக்கிக்கொண்டு போகவேணும். பிழை வருவது இங்கேதான். கூட்டத்தின் நடு நெருக்கம், ஓரம் ஐது. ஓரத்தில் எடுத்த அளவை நடுவில் வைத்தால் பாதிதான் தேறும். நடுவுக்கு ஒரு பத்து, ஓரத்துக்கு ஒரு பத்து என்று தனித்தனியாக எடும். மேய்ந்துகொண்டு இடமிருந்து வலம் நடக்கிற கூட்டத்தை வலமிருந்து இடமாக எண்ணும். ஒவ்வொன்றும் உமது பார்வையை ஒருமுறைதான் கடக்கும். கருவால் மூக்கன் என்கிற நீள அலகுப் பறவைகள் முதலில் பறந்துவிடும், ஆகவே அவற்றை முதலில் முடித்துவிட வேணும். ஒருவர் எண்ண, மற்றவர் கொப்பியில் எழுதுவது நல்லது. கண்ணை எடுத்து எழுதினால் விட்ட இடம் தவறும். மூன்று தரம் எண்ணி நடு எண்ணை எழுதுவோம்.

கொசு உள்ளான்தான் ஆளை ஏமாற்றும். மாடு நடந்து காய்ந்த சேற்றில் குளம்புத் தடங்கள் இருக்குமல்லவா, காற்று அடிக்கும்போது அது தடத்துக்குள் இறங்கி வயிறு பதியக் குந்திவிடும். முதுகு மட்டும் மண்கட்டி போலத் தெரியும். வெறும் சேறு என்று நினைத்த இடத்தில் இரண்டு நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றால் கட்டிகள் நடக்கத் தொடங்கும். வளைமூக்கு உள்ளானில் வயதையும் குறித்து வையும். ஆவணியில் முந்தி வருகிற பெரியவற்றின் வயிற்றில் செங்கல் நிறத் திட்டுகள் மிஞ்சியிருக்கும். பிந்தி வருகிற குஞ்சுப் பருவத்தவற்றின் முதுகிறகுகள் செதில் செதிலாக, வெளிர் ஓரத்தோடு இருக்கும். இரண்டும் சைபீரியத் துருவக் கரையிலிருந்து வருகிறவை. குஞ்சுகள் தாய் தகப்பன் இல்லாமலே வழி கண்டு வருகின்றன என்பதை நினைத்தால் எனக்கு இன்னமும் உடம்பு சிலிர்க்கும்.

நீர்மட்டத்தை மறக்காமல் எழுதவேணும். நெடுங்கால் உள்ளானின் கால் எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது என்று பார்த்தாலே போதும். முழங்கால் வரை, அல்லது வயிறு வரை. மழை பெய்து அது வயிறு வரை நின்றால் சின்ன உள்ளான்கள் வயலுக்கும் சிறு குட்டைகளுக்கும் பரவிவிடும். போன கிழமை 600, இந்தக் கிழமை 40 என்று இருக்கும். நீர்மட்டம் எழுதாத கொப்பியைப் பார்க்கிறவர் பறவை அழிந்துபோச்சு என்று நினைப்பார்.

இனம் தெரியாததை ‘சின்ன உள்ளான், இனம் தெரியாது’ என்றே எழுதும். ஊகித்து நிரப்ப வேண்டாம். ஒன்றும் இல்லாத காலமைக்கும் சைபர் போட்டுத் திகதி எழுதவேணும்.

நீரேரியில் மீன் பிடிக்கக் கட்டுகிற சிறகுவலையின் தடிகளில் ஆலாப் பறவைகள் தடிக்கு ஒன்றாக இருக்கும். அது சுகமான வேலை, உமக்கு விட்டுவிடுகிறேன். தொலைநோக்கிக்கு முக்காலி என்னிடம் இருக்கிறது. எட்டு மடங்கு பைனாகுலர் ஒன்றும், மழைக்கு நனையாத பையில் பென்சிலும் கொண்டுவாரும். பேனை மை ஈரத்தில் கரைந்துவிடும்.

அன்புடன்,
உமது நண்பன்