சொன்னால் கேட்பதில்லை என்றாயே, கயல்

அன்புள்ள கயல்,

நேற்று போனில் நீ ரொம்பக் களைத்திருந்தாய், அதனால் எதிர்த்துப் பேச மனசு வரவில்லை. "என்னிடம் வருகிற நோயாளிகள் எத்தனை தடவை சொன்னாலும் கேட்கிறதில்லைம்மா, சாசேஜ், பொரித்த கோழி, சோடா, அப்புறம் குடலில் கட்டியோடு வந்து உட்காருகிறார்கள்" என்றாய். உன் அலுப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பேச்சு எனக்குச் சரியாகப் படவில்லை, அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உணவுக்கும் பெருங்குடல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை நான் உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பதப்படுத்திய இறைச்சி புற்றுநோய் உண்டாக்கும் என்று 2015-ல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை சொன்னதும், தினம் 50 கிராம் சாப்பிட்டால் அபாயம் சுமார் 18 சதவீதம் கூடும் என்பதும் நீ பரீட்சைக்கே படித்தது. அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்கு இந்த நோய் மற்றவர்களைவிட ஏறத்தாழ 20 சதவீதம் அதிகமாக வருகிறது, சாவு ஏறத்தாழ 40 சதவீதம் அதிகம், இதுவும் உனக்குத் தெரியும்.

உன் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்து ஸ்டீபன் ஓ'கீஃப் குழு 2015-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறதே, அதை இன்னொரு முறை எடுத்துப் பார். பிட்ஸ்பர்க்கைச் சேர்ந்த 20 கறுப்பினத்தவர், தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் கிராமப்புறத்தவர் 20 பேர், இரண்டு வாரத்துக்குச் சாப்பாட்டை மாற்றிக்கொண்டார்கள். அமெரிக்கர்களுக்கு நார்ச்சத்து ஒரு நாளைக்கு 14 கிராமிலிருந்து 55-க்கு ஏறியது, கொழுப்பு பாதிக்கும் கீழே போனது. ஆப்பிரிக்கர்களுக்கு நேர்மாறு, 66 கிராம் நார்ச்சத்து 12 ஆனது. ஆரம்பத்தில் குடலுக்குள் பார்த்தபோது அமெரிக்கர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு பாலிப், அதாவது குடலின் உட்சுவரில் வளரும் சிறு கட்டி, இருந்தது, ஆப்பிரிக்கர்களில் ஒருவருக்குக்கூட இல்லை. சாப்பாடு மாறிய இரண்டே வாரத்தில் அமெரிக்கர்களின் குடலில் அழற்சி குறைந்தது, நார்ச்சத்தைத் தின்று பாக்டீரியா உண்டாக்கும், குடலுக்கு நல்லது செய்யும் பியூட்ரேட் இரண்டரை மடங்கு ஆனது. ஆப்பிரிக்கர்களுக்கு அது பாதியாக இறங்கியது. இருபது இருபது பேர், இரண்டு வாரம், அளந்தது புற்றுநோயை அல்ல, அதற்கு முந்தைய அறிகுறிகளைத்தான். அத்தனை வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் நடத்தியவள் நான், அந்த எல்லை எனக்கும் தெரியும். ஆனாலும் ரத்தம்தான் காரணம், பரம்பரைதான் காரணம் என்று கைகழுவ முடியாதபடி செய்த ஆய்வு அது.

எனக்கு அதில் முக்கியமாகப் பட்டது வேறு. அமெரிக்கர்களுக்கு அங்கே பரிமாறியது வெண்டைக்காய், காராமணி, கீரை, மாம்பழம், மக்காச்சோளத்தில் செய்த பண்டங்கள். சாப்பிட்டார்கள், கயல்! நீ "கேட்கிறதில்லை" என்கிற அதே ஊர் ஜனம்தான். யாரோ காசு கொடுத்து வாங்கி, சமைத்து, முன்னால் வைத்தபோது சாப்பிட்டார்கள்.

நான் உன்னோடு இருந்தபோது, பிட்ஸ்பர்க்கில் கறுப்பின மக்கள் அதிகம் இருக்கும் ஹில் டிஸ்ட்ரிக்ட் வழியாக பஸ்ஸில் போவேனே, நினைவிருக்கிறதா? சென்டர் அவென்யூவில் காலி மனைகளாகப் பார்த்துவிட்டு, இங்கே ஜனங்கள் எங்கே காய்கறி வாங்குவார்கள் என்று உன்னைக் கேட்டேன், நீ ஏதோ யோசனையில் இருந்தாய். அப்புறம் நானே தேடிப் படித்தேன். 1950-களில் கீழ் ஹில் பகுதியை இடித்துத் தள்ளி, எட்டாயிரம் பேரையும் நானூறு கடை, தொழில்களையும் வெளியேற்றினார்கள். அந்த இடத்தில் பெரிய அரங்கம் கட்டி 1961-ல் திறந்தார்கள், பிற்காலத்தில் அந்த அரங்கத்தையும் இடித்துவிட்டார்கள். முப்பது வருஷம்போல அந்தப் பகுதிக்கு ஒழுங்கான ஒரு சூப்பர் மார்க்கெட் கிடையாது. 2013-ல் ஒன்று வந்தது, 2019-ல் அதையும் மூடினார்கள். நாம் முருங்கைக்காய் வேண்டும் என்றால் கார் எடுத்துக்கொண்டு போய் வாங்கி வந்தோம். கார் இல்லாத ஒரு பாட்டி இரண்டு பஸ் மாறி எவ்வளவு காய் தூக்கி வர முடியும், சொல்.

கடை திறந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்ல வரவில்லை. அந்தக் கடை வருவதற்கு முன்னும் பின்னும் ஹில் மக்களையும் அதே ஊரில் கடை வராத ஹோம்வுட் பகுதி மக்களையும் ஒப்பிட்டு ஒரு ஆய்வு நடந்தது. ஹில்லில் சாப்பாட்டில் சேரும் சர்க்கரை கொஞ்சம் குறைந்தது, ஆனால் பழமும் காய்கறியும் கூடவில்லை, சர்க்கரை குறைந்ததுகூட அந்தக் கடையில் வாங்கியதால் என்று சொல்ல முடியவில்லை. எனக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. காசு வேண்டும், இரண்டு வேலை முடித்து வந்தவளுக்கு சமைக்க நேரமும் தெம்பும் வேண்டும். இரண்டு டாலருக்குப் பிள்ளைகளின் வயிறு நிறைய வேண்டும் என்றால் எந்தத் தாயும் எதை வாங்குவாள்?

நம் பள்ளிக்கூடத்தில் சத்துணவில் முட்டை வந்த கதையை உனக்குச் சொல்லியிருக்கிறேன். பிள்ளைக்கு முட்டை கொடுங்கள் என்று கூலிவேலைக்குப் போகிற தாய்மாரிடம் நான் அதுவரை எத்தனை முறை சொல்லியிருப்பேன்! அவர்கள் தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள். அப்புறம் முட்டை தட்டிலேயே வந்தது, பிள்ளைகள் சாப்பிட்டார்கள், அவ்வளவுதான்.

சாப்பாடு மட்டும்தான் காரணம் என்று நினைத்துவிடாதே. கறுப்பின அமெரிக்க நடிகர் சாட்விக் போஸ்மனுக்குக் காசு பணத்துக்கு என்ன குறை, 2020-ல் 43 வயதில் பெருங்குடல் புற்றுநோயில் போய்விட்டார். சாவு அவ்வளவு கூடுதலாக இருப்பதற்கு, தாமதமாகக் கண்டுபிடிப்பதும் சிகிச்சை ஒழுங்காகக் கிடைக்காததும் பெரிய காரணம். அதில் உன் கை இருக்கிறது. இந்த நோய்க்கான பரிசோதனையைத் தொடங்கும் வயதை அங்கே 2021-ல் 45-ஆகக் குறைத்துவிட்டார்கள், ஆனால் குழாய் விட்டுக் குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபிக்கு ஒரு நாள் சம்பளத்தை விட்டு வர முடியாதவர்கள் உண்டு. மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தைப் பார்க்கும் சோதனையை வீட்டிலிருந்தே செய்து அனுப்பலாமே, அதை நீயாகவே எடுத்துக் கொடு, அவர்கள் கேட்கட்டும் என்று இருக்காதே.

அப்புறம் "நார்ச்சத்து சாப்பிடுங்கள்" என்று ஆரம்பிக்காமல், வீட்டில் யார் சமைக்கிறார்கள், கடை எவ்வளவு தூரம், சாப்பாட்டுக்கு அரசாங்கம் கொடுக்கும் ஃபுட் ஸ்டாம்ப் மாசக் கடைசி வரை வருகிறதா என்று கேள். டின் காராமணியும் உறைய வைத்த கீரையும் மலிவு, கெடாது, அதைச் சொல். சில ஆஸ்பத்திரிகளில் மருந்து மாதிரியே காய்கறிக்கும் சீட்டு எழுதிக் கொடுக்கிறார்களாம். உங்கள் இடத்தில் அது இருக்கிறதா என்று சமூகப் பணியாளரிடம் விசாரி, இல்லை என்றால் ஏன் இல்லை என்று மேலே கேள். நீ டாக்டர், நீ கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும்.

நேற்று சொன்னாயே, அந்த 58 வயது அம்மா, அவர்கள் அடுத்த முறை வரும்போது முதலில் சாப்பாட்டைப் பற்றித் திட்டாமல் இதையெல்லாம் கேட்டுப் பார். என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா