ஞாயிற்றுக்கிழமை கீழ்த்தளத்தில் உட்காருகிறவர்கள்

சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு,

வணக்கம். போன வாரம் லிஃப்டில் ஒரு பெரியவர் என்னிடம் ஒரு மனுவை நீட்டினார். ஞாயிற்றுக்கிழமைகளில் நம் அடுக்குமாடி புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில் வெளிநாட்டு ஊழியர்கள் உட்காராதபடி தடுப்பு போட வேண்டுமாம். கையெழுத்துப் போட்டவர்களில் பாதிப் பேர் நம்மவர்கள். "இந்த ஊர்க்காரனுங்க தொல்லை தாங்கல தம்பி" என்றார். நான் கையெழுத்துப் போடவில்லை. ஏன் என்று சொல்வதற்குள் அவர் இறங்கும் மாடி வந்துவிட்டது. அதனால்தான் இந்த மடல்.

ஊரிலிருந்து பிழைக்க வந்தவன் என்ற பொருளில் அவர் சொன்ன அந்த "ஊர்க்காரன்" என்ற சொல்தான் என்னை உறுத்துகிறது. என் தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்தவர். வந்த புதிதில் சிராங்கூன் சாலைக் கடை ஒன்றின் அஞ்சடியில்தான், அதாவது கடை முன்னால் இருக்கும் கூரை போட்ட நடைபாதையில்தான், படுக்கை. துறைமுகத்தில் மூட்டை தூக்கிவிட்டு, சாயங்காலம் அதே அஞ்சடியில் உட்கார்ந்து, ஊருக்குக் கடிதம் எழுதித் தர ஆள் தேடுவாராம். அந்தக் கடைக்காரர் ஒருநாளும் எழுந்து போ என்று சொன்னதில்லை என்பதை எண்பது வயதிலும் சொல்லிக்கொண்டிருந்தார். இன்று கீழே உட்கார்ந்து கைப்பேசியில் பிள்ளையின் முகம் பார்க்கிறவர்களைக் கண்டால் எனக்குத் தாத்தா நினைவுதான் வருகிறது.

அவருக்கு முன்பும் ஆட்கள் வந்தார்கள். 1819இல், இங்கே பிரிட்டிஷ் குடியேற்றத்தைத் தொடங்கிய ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து வந்தார் நாராயண பிள்ளை என்ற தமிழர். 1825 முதல் இந்தியக் கைதிகளைக் கப்பலில் கொண்டுவந்து இறக்கினார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டியது அவர்கள் கைதான். சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் கலந்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்துப் பூசிய சுவர்கள் அவை. நம் ஊர்க் கொத்தனார் பக்குவம்! தெலுக் ஆயர் தெருவுக்குப் போய்ப் பாருங்கள். கடல் அந்தத் தெரு வரை இருந்த காலத்தில், கரை சேர்ந்த நம்மவர்கள் நாகூர் தர்காவையும் ஹொக்கியன் சீனர்கள் தியான் ஹொக் கெங் கோயிலையும் சில எட்டு தூரத்தில் கட்டினார்கள். நம் அடுத்த வீட்டுச் சீனர் குடும்பமும் ஏதோ ஒரு கப்பலில் வந்ததுதான்.

குப்பை கிடப்பது உண்மை. சில இரவுகளில் சத்தமும் அதிகம். என் அம்மாவே சலித்துக்கொள்வார். சரி, அதைத் தீர்ப்போம். ஆனால் 2020இல் கொரோனா பரவியபோது தங்கும் விடுதிகளில் மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தவர்கள் இந்த ஊழியர்கள். அப்போது அவர்களுக்காகச் சோற்றுப் பொட்டலம் கட்டிய அக்காமார் இருவரின் பெயரையும் இந்த மனுவில் பார்த்தேன். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

மனுவை நகர மன்றத்திடம் கொடுத்துவிடாதீர்கள். தடுப்புக்குப் பதிலாக, கூடுதல் குப்பைத்தொட்டிகளும் நாலு பெஞ்சுகளும் பக்கத்தில் ஒரு கழிவறையும் கேட்டு வேறொரு மனு எழுதி வைத்திருக்கிறேன். முதல் கையெழுத்து என்னுடையது. வரும் ஞாயிறு மாலை ஐந்து மணிக்குத் தேநீர் வாங்கிக்கொண்டு கீழே போய் அவர்களோடு உட்காரப்போகிறேன். லிஃப்டில் பார்த்த ஐயா, நீங்களும் வாருங்கள்.

உங்கள் ஏழாம் மாடித் தம்பி