கறுப்புச் சேட்டும் தமிழில் விடுபட்ட ஒரு வரியும்

பரந்தன்,
கிளிநொச்சி.
2025.10.30

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கொழும்பு.

ஐயா / அம்மணி,

பொருள்: கமக்கட்டு வியர்வைக்குப் பூசுகிற உங்கள் ரோல் ஓனாலும், அதற்கு நீங்கள் சொன்ன மருந்தாலும் பழுதான கறுப்புச் சேட்டுகள்

நான் கலியாணவீடு, சாமத்தியவீடு, கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் படமும் வீடியோவும் எடுக்கிறவன். பரந்தன், கிளிநொச்சி, புதுக்குடியிருப்பு, முல்லைத்தீவு என்று வன்னிக்குள்தான் ஓட்டம். என்னோடு இரண்டு பெடியன்கள் வேலை செய்கிறார்கள். மூன்று பேருக்கும் கறுப்புச் சேட்டு. அது பவுசுக்குப் போடுவதில்லை. வெள்ளைச் சேட்டோடு நின்றால் லைட் எங்களில் பட்டுத் திரும்பிப் பொம்பிளையின் முகத்தில் விழும். பளபளக்கிற நகைக்குள் நாங்களே குட்டி குட்டியாகத் தெரிவோம். அதனால் இந்த வருடம் தை மாதம் ஆளுக்கு இரண்டாக ஆறு சேட்டுத் தைப்பித்தோம். ஒன்று 2,800 ரூபாய். முதுகில் ஸ்டூடியோவின் பெயர் மஞ்சள் நூலில்.

கமரா பிடிக்கிறவனுக்கு ஒரு தொல்லை இருக்கிறது. கையை இறக்கமுடியாது. தாலி கட்டுகிற நேரம் சனம் முன்னால் வந்து மறைக்கும்; இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டுதான் எடுக்கவேண்டும். அந்த நேரம் எங்கள் கமக்கட்டு மண்டபத்தில் உள்ள அவ்வளவு பேருக்கும் காட்சி. வன்னி வெயிலும் வீடியோ லைட்டும் சேர்ந்தால் வியர்வை எப்படி இருக்கும் என்று கொழும்பில் ஏசிக்குள் இருக்கிற உங்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை என்று நினைக்கிறேன். அதற்காகத்தான் உங்கள் ரோல் ஓனை வாங்கத் தொடங்கினேன். போத்தலின் முன்பக்கத்தில் மூன்று மொழியிலும் பெரிதாகப் போட்டிருந்தீர்கள்: கறுப்பு உடுப்பில் தடம் பதியாது. எனக்கென்றே எழுதியதுபோல இருந்தது. பெடியன்களுக்கும் ஆளுக்கொரு போத்தல் வாங்கிக் கொடுத்தேன்.

இரண்டு மாதம் ஒன்றும் தெரியவில்லை. பங்குனிக் கடைசியில் கமக்கட்டுப் பக்கம் துணி மொரமொரப்பாக வந்தது. சித்திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு படை. தோய்த்தால் ஈரத்தில் மறையும், காய்ந்ததும் திரும்ப வரும். வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலுக்குப் போனோம். கடல்நீரில் விளக்கெரிகிற கோயில். அந்த இரவு விடிய விடியச் சனம். நான் கையைத் தூக்கிக்கொண்டு நிற்க, தகப்பனின் தோளில் இருந்த ஒரு சின்னப்பிள்ளை உரத்துக் கேட்டது: “மாமா, உங்கட சேட்டில ஏன் சுண்ணாம்பு அப்பியிருக்கு?” பக்கத்தில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பிள்ளையில் பிழையில்லை. நானும் வீட்டுக்கு வந்து பார்த்தேன், சுண்ணாம்பேதான்.

அதற்குப் பிறகுதான் போத்தலின் பின்பக்கத்தை வாசித்தேன். முதலே வாசித்திருக்கவேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாசித்தும் பயனில்லை. ஆங்கிலத்தில் நான்கு வரி. சிங்களத்தில் நான்கு வரி. தமிழில் மூன்று. எனக்கு இரண்டு மொழியும் ஓரளவு வரும். விடுபட்ட வரி என்ன தெரியுமா? மெல்லியதாகப் பூசி, நன்றாகக் காய்ந்த பிறகு உடுப்பை அணியவும். அந்த ஒரு வரிதான் இல்லை. “தடம் பதியாது” என்ற வாக்கை மூன்று மொழியிலும் தந்துவிட்டு, அது எப்போது பலிக்கும் என்பதை இரண்டு மொழிக்காரருக்கு மட்டும் சொல்லியிருக்கிறீர்கள். 1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி ஆனது. அது அரசுக்கு, கம்பனிக்கு இல்லை என்று உங்கள் சட்டத்தரணி சொல்லக்கூடும். சரி, சொல்லட்டும். ஆனால் நாங்கள் கொடுத்த 680 ரூபாயில் நாலில் ஒரு பங்கை நீங்கள் கழிக்கவில்லையே.

நாங்கள் என்ன செய்தோம்? வியர்வை கூட என்று நாலைந்து தரம் அழுத்தி உருட்டிவிட்டு, அந்த ஈரத்தோடேயே சேட்டை மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறினோம். தோலில் நிற்கவேண்டியது துணிக்குப் போனது.

இனி உங்கள் வாடிக்கையாளர் சேவையைப் பற்றி. தொலைபேசியில் எடுத்தேன். தமிழுக்கு மூன்றை அழுத்தச் சொன்னது, அழுத்தினேன். வந்த பிள்ளை சிங்களத்தில் “பொட்டக் இன்ன” (கொஞ்சம் பொறுங்கள்) என்றுவிட்டுப் போனாள். பாட்டுப் போனது. பாட்டு முடிந்தது. லைன் கட். மூன்று தடவை இப்படி. பிறகு படத்தோடு மின்னஞ்சல் போட்டேன், தமிழில். ஒன்பது நாளில் ஆங்கிலத்தில் பதில் வந்தது. ஐந்து வரி. சூடான தண்ணீரில் குளோரின் வெளுப்புத் திரவத்தைக் கலந்து சேட்டை ஊறவைக்கவும். கறை போகாவிட்டால் வினாகிரி சேர்க்கவும். எங்கள் தயாரிப்பைத் தெரிவு செய்ததற்கு நன்றி.

நான் நம்பினேன். கம்பனிக்காரர் சொல்கிறார்கள், அவர்களுக்குத் தெரியாததா என்று என் சேட்டு ஒன்றை வாளியில் போட்டு, வெந்நீர் ஊற்றி, வெளுப்புத் திரவத்தையும் விட்டேன். அரை மணித்தியாலம் கழித்துத் தூக்கினால் சாம்பல் படை அப்படியே இருக்கிறது. அதைச் சுற்றியிருந்த கறுப்பு மட்டும் செங்கல் நிறமாகிவிட்டது.

அந்த நேரம் பார்த்து அப்பா வயலில் இருந்து வந்தார். இதை நீங்கள் கவனமாக வாசிக்கவேண்டும். என் அப்பா பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். ஆனையிறவு உப்பிலிருந்து காஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுத்த இடம் அது, யுத்தத்தோடு போய்விட்டது. இந்த நாட்டில் குளோரினைப் பற்றி யாருக்குப் பிழையான புத்தி சொன்னாலும் பரந்தன்காரனுக்குச் சொல்லக்கூடாது. வாளியடியில் வந்து மணந்து பார்த்துவிட்டுக் கேட்டார்:

“ஆரடா கறுப்புச் சேட்டுக்குக் குளோரின் விட்டது?”

“கம்பனிதான் விடச் சொன்னது அப்பா.”

“குளோரின் சாயத்தைத்தான் தின்னும். உந்தப் படையை அது ஏன் தொடப்போகுது? கம்பனியில ஒருத்தரும் உடுப்புத் தோய்க்கிறேல்லைப் போல.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மின்னஞ்சலின் இரண்டாவது பகுதியை நான் வாசித்துக் காட்டியதும் சிரிப்பு நின்றுவிட்டது. “வினாகிரி விட்டனியா?” என்று இரண்டு தரம் கேட்டார். இல்லை என்ற பிறகுதான் திண்ணையில் இருந்தார். வெளுப்புத் திரவத்தில் புளிப்பு எதை விட்டாலும், வினாகிரியோ தேசிக்காயோ, குளோரின் வாயு கிளம்பும். நெஞ்சை அடைக்கும். காற்றைவிடப் பாரமானது, நிலத்தோடு தேங்கும். தொழிற்சாலையில் கசிந்தால் காற்று வரும் திசையைப் பார்த்து ஓடுவதற்கு வழி இருந்தது. நான் ஊறவைத்ததோ ஜன்னல் இல்லாத குளியலறைக்குள். ஐயா, உங்கள் பதிலில் ஒரு எச்சரிக்கையும் இல்லை. இதே ஐந்து வரியை எத்தனை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறீர்கள்? சேட்டு எனக்கு இரண்டாம் பட்சம், இதுதான் முதல்.

மிச்சம் ஐந்து சேட்டையும் அப்பாதான் கையில் எடுத்தார். நான் ஒவ்வொரு முறையும் கட்டிச் சவர்க்காரம் போட்டு உரஞ்சியதே வினை என்றார். உங்கள் சாமானில் இருப்பது வாசனை மட்டும் இல்லை. வியர்வைத் துவாரத்தை அடைக்கிற அலுமினிய உப்பு, அதோடு எண்ணெய்ப்பசை. எங்கள் கிணற்றுத் தண்ணீரோ கேத்திலில் வெள்ளையாகப் படிகிற கடின நீர். சவர்க்காரத்தில் உள்ள கொழுப்பு தண்ணீரின் கல்சியத்தோடும் உங்கள் அலுமினியத்தோடும் பிடித்துக்கொண்டு தண்ணீரில் கரையாத பிசினாகிவிடுகிறது. நாங்கள் தோய்க்கத் தோய்க்க அழுக்குப் போகவில்லை, படை ஏறியிருக்கிறது. கேத்தில் படைக்கு என்ன செய்வோம்? புளிப்பு விடுவோம். இதற்கும் அதுதான் என்றார்.

அவர் செய்ததை எழுதுகிறேன், அடுத்த வாடிக்கையாளருக்காவது இதை அனுப்புங்கள். சேட்டை உள்பக்கம் வெளியே வரத் திருப்பி, காய்ந்த படையைக் கரண்டிப் பிடியால் மெல்லச் சுரண்டினார். வெள்ளை வினாகிரியும் இளஞ்சூட்டுத் தண்ணீரும் சரிக்குச் சரி கலந்து, கமக்கட்டுப் பகுதியை மட்டும் ஒரு மணித்தியாலம் ஊறவிட்டார். முதலில் உள்தையலில் ஒரு துளி விட்டுச் சாயம் போகிறதா என்று பார்த்தார். கறுப்புத் துணியில் இந்தப் பயம் எப்போதும் வேண்டும். தென்னங்கள்ளு வினாகிரிதான் வீட்டில் இருந்தது, நிறம் இருக்கிறது என்று அதைத் தொடவில்லை, கடைக்கு அனுப்பினார். ஊறிய பிறகு பழைய பல் பிரஷ்ஷால் துணியின் இழை போன வாக்கில் தேய்க்க, வெள்ளையாக ஒரு கூழ் கழன்று வந்தது. பார்க்க அருவருப்பு, ஆனால் சந்தோசம். அதை அலசி, எண்ணெய்ப்பசைக்குச் சட்டி கழுவும் திரவம் இரண்டு துளி விட்டுப் பிசைந்தார். நான் அப்பச்சோடாவையும் வினாகிரியோடு சேர்த்துக் கொட்டப் போனேன். நுரைத்துக் காட்டுமே தவிர இரண்டும் ஒன்றையொன்று கொன்றுவிடும் என்று தடுத்தார். வேண்டுமென்றால் வினாகிரியை நன்றாக அலசிய பிறகு சோடாவைக் குழைத்து மணத்துக்குப் பூசலாமாம். கடைசி அலசலுக்கு மாரி தொடங்கி விழுந்த பீலித் தண்ணீர். அதில் கல்சியம் இல்லையே. காயப்போட்டது வேப்பமர நிழலில்.

ஒரே தரத்தில் போகவில்லை. மூன்று தரம் செய்தோம். நான்கு சேட்டுப் பிழைத்தது. ஐந்தாவதைப் பெடியன் ஒருவன் ஒரு சாமத்தியவீட்டுக்கு அவசரத்தில் படையோடேயே சூடாக மினுக்கியிருக்கிறான். அது இழைக்குள் உருகி இறங்கி, பளபளவென்று நிற்கிறது. அதை விட்டுவிட்டோம். அவனில் நான் பிழை சொல்லமாட்டேன். கறை போகும்வரை மினுக்காதே என்று அவனுக்கும் ஒருவரும் சொல்லவில்லை.

இப்போதும் நாங்கள் ரோல் ஓன் போடுகிறோம், உங்களுடையது இல்லை. இரவு படுக்கமுன் காய்ந்த தோலில் இரண்டு உருட்டு, அவ்வளவுதான். காலையில் குளித்தாலும் அது வேலை செய்கிறது, சேட்டிலும் ஒட்டுவதில்லை. இவ்வளவு சின்ன விசயம்.

எனக்கு வேண்டியது இதுதான். செங்கல் நிறமான சேட்டுக்கும் உருகிய சேட்டுக்கும் 5,600 ரூபாய் தரவேண்டும். அந்த ஐந்து வரியை அனுப்பிய எல்லோருக்கும், வெளுப்புத் திரவத்தில் வினாகிரி சேர்க்கவேண்டாம் என்று உடனே, அவரவர் மொழியில், அறிவிக்கவேண்டும். காசு பிந்தினாலும் இது பிந்தக்கூடாது. அடுத்து அச்சடிக்கும் போத்தலில் நாலாவது வரி தமிழிலும் இருக்கவேண்டும். மொழிபெயர்க்க ஆள் இல்லை என்றால் மேலே நான் எழுதியிருப்பதையே எடுத்துப் போடுங்கள், கூலி கேட்கமாட்டேன். 21 நாளுக்குள் பதில் வராவிட்டால் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்து, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையில் முறையிடுவேன். இந்தக் கடிதத்தின் பிரதி என்னிடம் இருக்கிறது.

பதிலைத் தமிழில் அனுப்புங்கள். தொலைபேசியில் எடுப்பதென்றால் பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு எடுங்கள். முகூர்த்த நாளில் எடுக்கவேண்டாம், கை மேலே இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் முன்னாள் வாடிக்கையாளன்,
படப்பிடிப்பாளர், பரந்தன்.

இணைப்பு: கடைப் பற்றுச்சீட்டுகள் மூன்று, தையல் பற்றுச்சீட்டு ஒன்று, உங்கள் மின்னஞ்சலின் பிரதி, வெறும் போத்தல் ஒன்று (பின்பக்கத்தைப் பார்க்கவும்), செங்கல் நிறச் சேட்டிலிருந்து வெட்டிய இடது கமக்கட்டுத் துண்டு. வலது துண்டை அதிகார சபைக்கு வைத்திருக்கிறேன்.