அந்த 3 டிகிரி எங்கிருந்து வந்தது?

இந்திய வானிலை ஆய்வுத் துறைத் தலைமை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். 2024 மே 29 அன்று தில்லி முங்கேஷ்பூரில் 52.9 டிகிரி பதிவானதையும், அங்குள்ள சென்சார் 3 டிகிரி கூடுதலாகக் காட்டியது என்று பிறகு நீங்கள் சொன்னதையும் உங்களுக்கே விளக்க வேண்டியதில்லை. பிழையை ஒப்புக்கொண்டதில் குறையில்லை. அது எதனால் வந்தது, எப்போதிலிருந்து இருக்கிறது என்பதுதான் கேள்வி. முந்தைய நாள் அதே நிலையம் காட்டிய 49.9-இலும் அது கலந்திருக்கிறதா?

பிளாட்டினம் சென்சார் தன் மின்தடையை வைத்தே வெப்பநிலையைக் காட்டும். 0 டிகிரியில் 100 ஓம் உள்ள வழக்கமான வகை (Pt100) என்றால் ஒரு டிகிரிக்கு அதன் மின்தடை சுமார் 0.385 ஓம் கூடும். 3 டிகிரி என்பது ஏறக்குறைய 1.15 ஓம்தான். இரண்டு கம்பி இணைப்பில் டெர்மினல் திருகு துருப்பிடித்தாலோ தளர்ந்தாலோ அவ்வளவு தடை வந்துவிடும். கம்பிகளின், திருகுகளின் தடை அளவில் சேராத நான்கு கம்பி இணைப்பில் இந்தப் பிழை வராது. இந்த வகைப் பிழை இரவிலும் கிட்டத்தட்ட அதே 3 டிகிரியாக நிற்கும். சென்சாரைச் சுற்றி வெயில் மறைக்கும் தட்டுகள் தூசு படிந்து மஞ்சளித்துப் போயிருந்தால் அப்படியல்ல. காற்று நொடிக்கு ஒரு மீட்டர்கூட வீசாத உச்சிவெயிலில் பிழை ஏறும், பொழுது சாய்ந்ததும் இறங்கிவிடும். பக்கத்தில் நல்ல கருவி ஒன்றை வைத்து உச்ச வெப்பநிலையை மட்டும் ஒப்பிட்டால் இரண்டையும் பிரிக்க முடியாது. விடியற்காலை அளவையும் பார்க்க வேண்டும். கோளாறு கம்பியில் என்றால், அது தொடங்கிய நாள் தெரிந்தால் போதும், பழைய பதிவுகளில் ஒரே எண்ணைக் கழித்துவிடலாம். தட்டில் என்றால் வெயிலையும் காற்றையும் பார்த்து மணிக்கு மணி திருத்தியாக வேண்டும்.

எனவே கேட்பது இது: ஒவ்வொரு நிலையத்துக்கும் திருத்தாத மூல அளவீடுகளை வெளியிடுங்கள். சென்சார் பொருத்திய நாள், கடைசியாக அளவுதிருத்தம் செய்த நாள், இடம் மாற்றிய விவரம், நான்கு திசைப் படங்கள் ஆகியவற்றையும் கூடவே சேருங்கள். நாட்டைக் கட்டம் கட்டமாகப் பிரித்துச் சராசரியாக்கிய தரவை இலவசமாகத் தருகிறீர்கள், நன்றி. சராசரியில் துருப்பிடித்த திருகு தெரியாதே.

கேள்வி கேட்டாலே 'காலநிலை மாற்றத்தை மறுப்பவர்' என்று முத்திரை குத்துவது நம் நாட்டில் பழைய பழக்கம். இமயப் பனியாறுகள் 2035-க்குள் மறையக்கூடும் என்று ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐபிசிசியின் 2007 அறிக்கை சொன்னது. 2009-இல் நிலவியலாளர் வி.கே. ரெய்னாவின் அறிக்கை பனியாறுகளின் நிலை பற்றி மாறுபட்டுப் பேசியபோது, அந்த அமைப்பின் தலைவர் பச்சௌரி அதை மாந்திரீக அறிவியல் என்று எள்ளினார். 2010 ஜனவரியில் 2035 கணக்குக்கு ஆதாரம் போதாது என்று அதே அமைப்பு வருத்தம் தெரிவித்தது. ரெய்னா சொன்னதெல்லாம் சரி என்பதல்ல. பனியாறுகள் சுருங்கத்தான் செய்கின்றன. ஆனால் எள்ளலை எந்த ஆய்விதழும் சான்றாக ஏற்பதில்லை. அமெரிக்காவில் இயற்பியலாளர் ரிச்சர்ட் முல்லர் சந்தேகத்தோடுதான் நிலையத் தரவுகளை அலசத் தொடங்கினார்; வெப்பமாதல் உண்மை, காரணம் மனிதரே என்று 2012-இல் எழுதியவரும் அவர்தான். அலச அவருக்குத் தரவு கிடைத்தது.

இங்கே தரவு வராதவரை, 'எல்லாமே சென்சார் கோளாறு' என்பவர்களுக்குக் கொண்டாட்டம். முங்கேஷ்பூர் 52.9 காட்டிய அதே நாளில் தில்லியின் முதன்மை நிலையமான சப்தர்ஜங்கில் பதிவான 46.8-ஐயும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிடுவார்கள்.

கடிந்து எழுதியிருந்தால் பொறுத்தருளுங்கள். எல்லா நிலையங்களுக்கும் நாளாகும் என்றால், முதலில் முங்கேஷ்பூரின் 2024 ஏப்ரல், மே மாத மூல அளவீடுகளை மட்டுமாவது, இரவுப் பதிவுகள் உட்பட, வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். சிஎஸ்வி கோப்பாக இருக்கட்டும். ஸ்கேன் செய்த பிடிஎஃப் வேண்டாம்.

இப்படிக்கு,
நிலையத் தரவுகளோடு மல்லுக்கட்டும் சிலர்