மணலைக் கிளறி வைத்த மாமாவுக்கு

கொழிஞ்சாம்பாறைக்காரர்களுக்கும், சுற்று வட்டாரத்தில் எனக்காகச் சாமி கும்பிட்ட எல்லோருக்கும் வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை பாலக்காட்டில் மறுபடி நீளம் தாண்டினேன். பதக்கம் கிடையாது. பழைய தூரத்துக்கு இன்னும் ஒன்றரை அடி பாக்கி. ஆனால் ஆறு ஜம்பும் முடித்துவிட்டு என் காலாலேயே நடந்து வெளியே வந்தேன். முட்டியில் அடிபட்ட அன்றைக்கு என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும், அதைத் திரும்பச் சொல்ல எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை.

ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலும் பி.டி. உஷா கதையும் கொண்டுவந்தார்கள். 1984, லாஸ் ஏஞ்சல்ஸ், 400 மீட்டர் தடை ஓட்டம், நூறில் ஒரு நொடியில் போன வெண்கலம். பத்தாவது தடவை கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் 1986இல் சியோல் ஆசியப் போட்டியில் அவர் நாலு தங்கம் வாங்கினாரே, அதையும் சொல்லுங்கள் என்று நானே எடுத்துக்கொடுத்தேன். ஆபரேஷன் செய்த டாக்டர், முட்டியை மடக்கச் சொல்லி என்னை அழ வைத்த பிசியோ, மைதானத்துச் சாவியை என்னிடமே விட்டுவைத்த பள்ளிக்கூடத்து மாஷ் (வாத்தியார்), தினமும் கஞ்சி அனுப்பிய பக்கத்து வீட்டுச் சேச்சி, ஸ்டாப் இல்லாத இடத்தில் பஸ்ஸை நிறுத்திய கண்டக்டர் அண்ணன், பில் கட்டியது யார் என்று இன்றுவரை சொல்லாத தோழிகள் எல்லோருக்கும் நன்றி.

சரி, இந்த மடலை எழுத உட்கார்ந்தது வேறொருவருக்காக.

மறுபடி தாண்டலாம் என்று டாக்டர் சொன்னபோது பள்ளிக்கூடத்து மணல் குழி இறுகிக் கிடந்தது. என்னால் குனிந்து மம்பட்டி பிடிக்க முடியாது. இரண்டாம் நாள் விடியலில் போனால் மணல் முழுக்கக் கிளறி, லேசாகத் தண்ணீர் தெளித்திருந்தது. மாஷ் வேலை என்று நினைத்தேன். மாஷோ, என் அப்பா வேலை என்று நினைத்தாராம். இப்படியே ஏழு மாதம் ஓடியது.

போட்டிக்கு முந்தின வாரம் தூக்கம் வராமல் நாலரைக்கே போய்விட்டேன். வேலியோரம் பால் கேன் தொங்கும் டிவிஎஸ் 50. குழிக்குள் பால்கார மாமா, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு. திருடன் மாதிரி முழித்தார்.

"மாடு படுக்கற எடத்தையே தெனமும் கிளறி விடறோம். நீ உளுகற எடம் கல்லாட்டம் கெடந்தா ஆகுமா அம்மணி?"

சொசைட்டியில் பால் எடுக்கும் நேரத்துக்குப் பிந்தி, பலநாள் திட்டு வாங்கியிருக்கிறார். அத்தை சொல்லித்தான் தெரியும்.

2022 ஆகஸ்டில் பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியை எங்கள் திண்ணையில் நடுராத்திரி அப்பாவின் போனில் பார்த்தபோது மாமாவும் இருந்தார். நீளம் தாண்டுதலில் நம்ம பாலக்காட்டு ஸ்ரீசங்கர் ஐந்தாவது ஜம்பில் 8.08 மீட்டர். பஹாமாஸின் லகுவான் நெய்ர்னும் அதே 8.08. தூரம் சமமானால் அடுத்த நல்ல ஜம்பைப் பார்ப்பார்கள். அவருக்கு 7.98, நம்மவருக்கு 7.84. தங்கம் அவருக்கு, நமக்கு வெள்ளி. "ரெண்டு மாடும் ஒரே அளவு கறந்தா நேத்துக் கறந்ததையா பாப்பாங்க?" என்று மாமா ஆறவே இல்லை. மூன்று நாள் கழித்து மும்முறை தாண்டுதலில் எல்தோஸ் பால் 17.03, அப்துல்லா அபூபக்கர் 17.02 என்று முதல் இரண்டு இடமும் கேரளத்துக்கு வந்தது. தமிழ்நாட்டின் பிரவீன் சித்ரவேல் 16.89இல் நாலாவது. எங்களை மாதிரி கேரள-தமிழ்நாடு எல்லையில் இருக்கிறவர்களுக்கு ஒரே நாளில் பட்டாசும் பெருமூச்சும்.

படுக்கையில் கிடந்தபோது எனக்கு அந்த 7.84தான் ஓடிக்கொண்டிருந்தது. அதை யாரும் படம் பிடித்துச் சுவரில் ஒட்டுவதில்லை. ஆனால் கடைசியில் கணக்குப் பார்த்தது அதைத்தான். இந்த வருஷம் நான் தாண்டியதெல்லாம் அப்படிப்பட்ட ஜம்புதான், ஒன்றுகூடப் பேப்பரில் வராது. அதற்காகத்தான் ஒரு மனுஷன் இருட்டில் மண் கிளறியிருக்கிறார்.

பேர் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். போடவில்லை மாமா. ஆனால் பள்ளிக்கூடத்தில் இப்போது நாலு சின்னப் பிள்ளைகள் தாண்டப் பழகுகிறார்கள், குழி இனி என் பொறுப்பு. முட்டி மடங்குகிறது, மம்பட்டியும் வாங்கிவிட்டேன். நாளைக்கு நீங்கள் நேராகச் சொசைட்டிக்குப் போங்கள்.